டவர் எல்லாம் படுத்துவிட்டால் 108, 112-ஐ எப்படிப் பிடிப்பது? (குமரி மாவட்டம்)

கேள்வி இது: "குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. வயதானவர்கள் இருக்கிறார்கள். ஒக்கி போல இன்னொரு புயல் வந்து செல்போன் எல்லாம் செத்துப்போனால் ஆம்புலன்ஸையோ தீயணைப்பையோ எப்படிக் கூப்பிடுவது? வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டு."

ரேஞ்ச் போவதில் மூன்று விதம் உண்டு. எது என்பதைப் போன் திரையே காட்டும். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. இது தெரியாமல் ஒரே நம்பரை இருபது தடவை அழுத்திக்கொண்டிருப்பதில்தான் நேரமும் பேட்டரியும் போகிறது.

முதல் விதம்: உங்கள் கம்பெனி டவர் மட்டும் விழுந்திருக்கிறது, பக்கத்தில் வேறு கம்பெனி டவர் ஓடுகிறது. திரையில் "அவசர அழைப்புகள் மட்டும்" என்று வரும். அப்போது 108 அழுத்தாதீர்கள், 112 அழுத்துங்கள். 112 உலக அளவில் அவசர எண்ணாகப் போனுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அதை அழுத்தியதும் போன் சொந்த கம்பெனியைத் தேடாது. எந்த கம்பெனி டவர் காதில் விழுகிறதோ அதன் வழியாக அழைப்பை அனுப்பும். 108-ஐப் பல போன்கள் சாதாரண நம்பராகவே எடுத்துக்கொள்ளும், சொந்த டவர் இல்லையென்றால் அழைப்பு வெளியே போகாது. 112-இல் எடுப்பவரிடம் ஆம்புலன்ஸ் வேண்டும் என்றாலும் தீயணைப்பு வேண்டும் என்றாலும் அங்கிருந்தே மாற்றிவிடுவார்கள். சிம் இல்லாமலும் 112 போகும் என்று கேள்விப்பட்டு யாராவது சிம்மைக் கழற்றச் சொன்னால் கேட்காதீர்கள். சிம் இல்லாத போனை ஏற்பதும் மறுப்பதும் நெட்வொர்க்கின் விருப்பம். சிம் உள்ளேயே இருக்கட்டும்.

பேரிடர் நேரத்தில் அரசு உத்தரவின் பேரில் கம்பெனிகள் தங்கள் டவர்களை மற்ற கம்பெனி வாடிக்கையாளர்களுக்கும் திறந்துவிடுவது உண்டு. அது உங்கள் போனுக்குக் கிடைக்க வேண்டுமானால் நெட்வொர்க் தேர்வு "தானியங்கி" என்றும், ரோமிங் "ஆன்" என்றும் இருக்க வேண்டும். செலவுக்குப் பயந்து ரோமிங்கை மூடி வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்னாலேயே திறந்து வையுங்கள்.

இரண்டாவது விதம்தான் ஆளை ஏமாற்றும். திரையில் சிக்னல் கோடு நான்கும் நிறைய இருக்கும், அழைப்பு மட்டும் போகாது. டவர் தன் பேட்டரியில் உயிரோடு நிற்கிறது, ஆனால் அதை வெளியுலகத்தோடு இணைக்கும் கண்ணாடி இழைக் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் இது சகஜம். கேபிள் பெரும்பாலும் சாலையோரக் கம்பத்தில்தான் தொங்குகிறது, சாலையோரம் முழுக்க ரப்பரும் தென்னையும் அயனியும். ஒரு மரம் சாய்ந்தால் கரண்டு கம்பி, கம்பம், கேபிள் மூன்றும் சேர்ந்து போகும். இந்த நிலையில் 112-உம் அதே பயனற்ற டவரையே பிடித்துத் தொங்கக்கூடும், ஏனென்றால் போனுக்கு அது நல்ல சிக்னலாகத் தெரிகிறது. இரண்டாவது சிம் வேறு கம்பெனி என்றால் அதற்கு மாறுங்கள். அது இல்லையென்றால் 4ஜி-யை நிறுத்தி 2ஜி மட்டும் வைத்துப் பாருங்கள். சில இடங்களில் போன் வேறு டவருக்குப் போய் ஒட்டும். ஜியோ சிம்முக்கு இது உதவாது, அதற்கு 2ஜி கிடையாது. மாற்றினால் இருந்ததும் போகும்.

கோடு இருக்கிறது, கேபிளும் சரி, ஆனால் ஊரே ஒரே நேரத்தில் போன் செய்கிறது என்பதும் உண்டு. "நெட்வொர்க் பிஸி" என்று சட்டென்று துண்டிப்பதுதான் அடையாளம். அப்போது எஸ்.எம்.எஸ். போகும், பேச்சுக்கு வேண்டிய தடம் அதற்கு வேண்டாம். தமிழ் எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.-க்கு 70 எழுத்துதான், மிஞ்சினால் துண்டு துண்டாகப் பிரிந்து ஒரு துண்டு வந்து ஒரு துண்டு வராமல் போகலாம். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் 160 வரை ஒரே துண்டாகப் போகும். இந்த ஒரு நேரத்துக்கு அதுவே நல்லது.

களியக்காவிளை, பனச்சமூடு, கொல்லங்கோடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். போன் கேரள டவரைப் பிடித்திருந்தால் 108-உம் 112-உம் அந்தப் பக்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். அதனால் பேச்சின் முதல் சொல்லே "தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம்" என்று இருக்கட்டும்.

மூன்றாவது விதம்: சேவையே இல்லை, எந்த கம்பெனியும் இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்த பிறகு மாவட்டம் பார்த்தது இதைத்தான். கரண்டு போனதும் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் தீர்ந்தால் வண்டி வந்து ஊற்ற வேண்டும், சாலையில் மரம் கிடக்கும். ஆக, காற்று நின்றபின் நிலைமை சீராகும் என்று நினைத்தால் தவறு. போன் விஷயத்தில் முதல் சில மணி நேரம்தான் நல்ல நேரம், அதற்குப் பிறகு மோசமாகிக்கொண்டே போகும். டயாலிசிஸ் செய்பவர், பிரசவ நாள் நெருங்கியவர், ஆக்சிஜன் இயந்திரத்தில் இருப்பவர் வீட்டில் இருந்தால் புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ பத்மநாபபுரம் அரசு மருத்துவமனைக்கோ நடந்து போகிற தூரத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். எந்தப் போன் ஏற்பாடும் இதற்கு ஈடாகாது.

இனி கம்பி வழி. பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன் இன்னும் வீட்டில் இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பியிலேயே வருகிறது; வீட்டில் கரண்டு இல்லாவிட்டாலும் பேசலாம். ஆனால் சுருள் வயர் உள்ள சாதாரணப் போனாக இருக்க வேண்டும். கார்ட்லெஸ் போனின் அடிப்பகுதிக்கு வீட்டுக் கரண்டு வேண்டும். லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும், 2021 ஜனவரி 15 முதல் இதுதான் விதி. பதற்றத்தில் இது மறந்துபோகும். 108, 112 போன்ற குறு எண்களுக்கு முன்னால் 0 போடக்கூடாது.

உங்களிடம் இருப்பது ஃபைபர். அதில் குரல் இணைப்பும் சேர்ந்தே வந்திருக்கும், ஆனால் மோடம் பெட்டிக்குக் கரண்டு இல்லையென்றால் போனும் ஊமை. மோடத்தின் அடாப்டரில் பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 1.5 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். உண்மையில் அது இழுப்பது 6 முதல் 8 வாட்தான். 'மினி யு.பி.எஸ்.' என்று விற்கும் சின்னப் பெட்டியில் 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அந்தக் கணக்கு 3.7 வோல்ட் செல்லுக்கு. அதாவது 37 வாட்-மணி. இழப்பு போக 30 என்று வைத்தால் சுமார் 4 மணி நேரம். மோடமும் ரூட்டரும் தனித்தனிப் பெட்டி என்றால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும், நேரம் பாதியாகும். வாங்கும்போது பின்னின் அளவையும், நடுமுனை பிளஸ்ஸா என்பதையும் அடாப்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறினால் மோடம் எரியும்.

வீட்டு இன்வெர்ட்டர் இருப்பவர்கள் 150 ஏ.எச். பேட்டரியில் இதை வாரக்கணக்கில் ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். ஓடாது. எதுவும் போடாமல் இருந்தாலே இன்வெர்ட்டர் தனக்கென்று 10 முதல் 20 வாட் தின்னும், மோடத்தைவிட அதிகம். எடுக்கக்கூடியது 1,200 வாட்-மணி என்று வைத்தால், மோடமும் இன்வெர்ட்டரும் சேர்த்து 22 வாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு நாள். அதுவும் ஒரு சீலிங் ஃபேன் கூட ஓடாமல் இருந்தால்தான். ஒரு சாதாரண ஃபேன் ஏறக்குறைய 70 வாட். பேசும்போது மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு, மற்ற நேரம் அணைத்து வைத்தால் நாட்கள் கூடும்.

இன்னொன்றையும் உங்கள் இணைப்புக்காரரிடம் கேட்டு வையுங்கள்: வழியில் எங்காவது கரண்டு தேவைப்படும் பெட்டி இருக்கிறதா? முறையான ஃபைபரில் கம்பத்தில் இருக்கும் பிரிப்பானுக்குக் கரண்டு வேண்டாம், எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருந்தால் போதும். உள்ளூர் கேபிள்காரர்கள் சிலர் நடுவில் யாராவது வீட்டு மாடியில் ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்து ஓட்டுகிறார்கள். அந்த வீட்டில் கரண்டு போனால் உங்கள் மினி யு.பி.எஸ். வீண். மோடத்தில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள்; வீட்டில் என்ன செய்தும் பயனில்லை, அடுத்த வழிக்குப் போங்கள்.

ஃபைபர் உயிரோடு இருந்தால் செல்போனையும் அதன் மேல் பேச வைக்கலாம். அமைப்புகளில் 'வைஃபை காலிங்' என்று இருக்கும், முன்கூட்டியே ஆன் செய்ய வேண்டும். டவர் இல்லாதபோது போனை விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்தால் சாதாரண நம்பருக்குச் சாதாரணமாகவே பேசலாம். ஆனால் 112 அழுத்தினால் பல போன்கள் வைஃபையை விட்டுவிட்டு முதலில் டவரைத் தேடப் போகும். ஆகவே இந்த வழியில் அழுத்த வேண்டியது முழு நம்பர். என் கருத்தில் இந்தப் பதில் முழுவதிலும் பயனுள்ள வேலை இதுதான்: முழு நம்பர்களை எழுதி வைப்பது.

ஏன் என்றால், நாகர்கோவிலில் நின்று 108 அழுத்தினால் அது சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தில்தான் ஒலிக்கிறது. 112-உம் சென்னைக்குப் போய்த் திரும்பி வருகிறது. இடையில் நெடுந்தூரக் கேபிள் அறுந்தால் மாவட்டத்துக்குள் பேச முடிந்தாலும் குறு எண் போகாது. உங்கள் காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், அரசு மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றின் லேண்ட்லைன் நம்பர்களை எஸ்.டி.டி. குறியீட்டோடு ஒரு அட்டையில் எழுதி மோடத்தின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். நாகர்கோவில் பக்கம் 04652, குழித்துறை–மார்த்தாண்டம் பக்கம் 04651. நம்பர்கள் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. ஒரு தடவை அழைத்துச் சரிபார்த்த பிறகு எழுதுங்கள், பழைய நம்பர்கள் நிறையச் சுற்றுகின்றன.

எஸ்.எம்.எஸ். அல்லது வாட்ஸப் மட்டும் போகிறது என்றால் வெளியூர் உறவினரை இடைநிலையாக வையுங்கள். அவர் சென்னையில் இருந்தால் அவர் அழுத்தும் 108-உம் நம் 108-உம் ஒரே மையம், நேரே சொல்லலாம். பெங்களூரிலோ திருவனந்தபுரத்திலோ இருந்தால் அவர் அழுத்தும் 108 அந்த மாநிலத்துக்குப் போகும். மாவட்டப் பேரிடர் எண் 1077-க்கு முன்னால் 04652 சேர்த்து அவர் முயலலாம். வளைகுடாவில் இருப்பவருக்குக் குறு எண்ணே கிடையாது. அவரிடம் அட்டையின் படம் முன்னாலேயே இருக்க வேண்டும், 91-க்குப் பிறகு முன்னால் உள்ள 0-வை விட்டு 4652 என்று தொடங்கி அழைப்பார்.

என்ன சொல்வது என்பதும் முக்கியம். எடுப்பவர் சென்னையில் இருக்கிறார், அவருக்கு உங்கள் சந்திப்பு தெரியாது. மாவட்டம், வட்டம், பஞ்சாயத்து, பிறகு ஊர் என்று இறங்கி வாருங்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டார், கிள்ளியூர் என்ற ஆறில் எது என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது. அதன் பிறகு ஆலயம், குருசடி, ரேஷன் கடை. நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல். எந்தச் சாலையில் மரம் கிடக்கிறது, எந்தப் பக்கமாக வண்டி வர முடியும் என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள்.

எல்லாமே போய்விட்டால் காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்புங்கள். அங்குள்ள வயர்லெஸ் செல்போன் டவரை நம்பி இல்லை. ரோந்து வண்டியைக் கண்டாலும் நிறுத்தி "மைக்கில் சொல்லுங்க" என்று கேட்கலாம். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் வனத்துறை சோதனைச் சாவடியிலும் வயர்லெஸ் உண்டு. போகிறவர் கையில் பெயர், இடம், என்ன ஆபத்து என்று எழுதிய துண்டுச் சீட்டு இருக்கட்டும். வாயால் சொன்னால் இரண்டாவது ஆளிடமே ஊர் பெயர் மாறிவிடும். நோயாளியை நகர்த்த முடியுமென்றால், உண்மையைச் சொன்னால், தோட்டத்து ஜீப்பும் மரம் அறுக்கும் மிஷினும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் ரோட்டைத் திறந்துவிடும். முதுகெலும்பு அடி என்று சந்தேகம் இருந்தால் மட்டும் தூக்காதீர்கள்.

கடலில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. செல்போன் கரையைவிட்டு சில மைல்களிலேயே முடிந்துவிடும். வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சேனலும் இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவியும்தான் அங்கே போன். கரையில் இருக்கும் குடும்பத்தார் கடலோரக் காவல் படைக்கு அழைக்க 1554.

சாட்டிலைட் போனை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். துரையா, இரிடியம் இந்தியாவில் தடை, உரிமமில்லாமல் வைத்திருந்தால் வழக்கு. பி.எஸ்.என்.எல். வழியாக அனுமதியோடு வாங்குவது மட்டுமே சட்டப்படி சரி, வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது.

கடைசியாக, சோதித்துப் பார்ப்பதற்காக 112-ஐ அழுத்த வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்து, மினி யு.பி.எஸ்.-இல் மோடம் எரிகிறதா என்று பாருங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு வைஃபையைத் திறந்து, பக்கத்து வீட்டு நம்பருக்கு அழையுங்கள். மணி அடித்தால் சரி. அடிக்கவில்லை என்றால், வாட்ஸப் அழைப்பு போகிறதா என்று பாருங்கள்: போனால் 'வைஃபை காலிங்' மட்டும் அணைந்திருக்கிறது; அதுவும் போகவில்லை என்றால் மோடத்துக்கோ ரூட்டருக்கோ மினி யு.பி.எஸ்.-இலிருந்து கரண்டு போகிறதா என்று முதலில் பாருங்கள். உங்களுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் கரண்டை நம்பும் பெட்டி இருக்கிறதா என்பது, ஏரியாவில் கரண்டு இல்லாத ஒரு நாளில் இதே சோதனையை மறுபடி செய்தால்தான் தெரியும். மெயின் சுவிட்சை அணைத்தால் உங்கள் வீடு மட்டுமே இருளும், கேபிள்காரரின் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.