பிளாஸ்டர் மணி: பெரியவர்கள் கலக்கட்டும், பிள்ளைகள் உருட்டட்டும்

கேள்வி: அக்கா, என் மகளுக்கு ஒன்பது வயது, நாத்தனார் பையனுக்கு ஆறு. ஆயா (பாட்டி) தன் கழுத்துருவை, அதாவது நகரத்தார் கல்யாணத் தங்க ஆரத்தை, பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டியதிலிருந்து, தானும் மணி செய்து கோக்க வேண்டும் என்று மகள் நிற்கிறாள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்கிக் கலக்கினோம். பத்து மணி உருட்டுவதற்குள் மீதி கிண்ணத்திலேயே இறுகிவிட்டது, உருட்டினவையும் துளை போடும்போது உடைந்தன. என்ன செய்யலாம்?
- வாசகி, காரைக்குடி

பதில்: ஒரே தடவையில் நிறையக் கலக்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். இந்த மாவு நீரில் பட்டதிலிருந்து உருட்டும் பதத்தில் நிற்பது சில நிமிடங்கள்தான், எனவே எட்டு மணிகள் உருட்ட வேண்டியதை மட்டும் கலக்குங்கள், தீர்ந்ததும் அடுத்தது. ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு மாவு. முதலில் தண்ணீர், அதன் மேல் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, ஊறவிட்டு, பிறகு மெதுவாகக் கிளறினால் கட்டி விழாது. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி விடுங்கள், ஏனென்றால் ஒட்டியிருக்கும் பழைய துணுக்கு புதுக் கலவையை இன்னும் சீக்கிரம் இறுக வைக்கும். வெந்நீரும் உப்பும்கூட அப்படித்தான்.

குழம்பாக இருப்பது கெட்டியாகிக் கொழுக்கட்டை மாவுப் பதத்துக்கு வந்ததும் உருட்ட வேண்டியதுதான். துளையைக் காய்ந்த பிறகு போடவே போடாதீர்கள், ஈரத்திலேயே போட வேண்டும். தென்னை ஈர்க்கில் எண்ணெய் தடவி, உருட்டிய மணியின் நடுவே செருகி, இறுக ஆரம்பிக்கும்போது ஈர்க்கை இரண்டு மூன்று தடவை திருகிவிட்டால், பிறகு வழுக்கிக்கொண்டு வரும். ஆயாவின் நகையில் இருப்பது போல நீள மணி வேண்டுமென்றால் ஈர்க்கைச் சுற்றியே மாவை ஒட்டி உள்ளங்கையில் உருட்டலாம்.

அரை மணி நேரத்தில் கல் போல் ஆகிவிடும், ஆனால் காய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. காற்றோட்டமான வளவில் (வீட்டு முற்றத்தில்) நிழலில் ஒன்றிரண்டு நாள் விட்டு, கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அவசரப்பட்டுத் தோசைக்கல்லில் வைக்காதீர்கள், ஜிப்சம் என்ற கனிமத்தைச் சூடாக்கித்தான் இந்த மாவையே செய்கிறார்கள், மறுபடி சூடு ஏறினால் மணி பொடியும். காய்ந்த பின் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு பூச்சு பூசிவிட்டு வர்ணம் அடித்தால், மணி வர்ணத்தை உறிஞ்சாமல் பளிச்சென்று நிற்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கலக்குவது நீங்கள்தான். மாவின் தூசி மூக்கிலும் கண்ணிலும் போகக் கூடாது. அதைவிட முக்கியம், இறுகும்போது இது சூடாகும். சின்ன மணிக்கு லேசான கதகதப்புதான், பயமில்லை. ஆனால் கையை அச்செடுக்கிறேன் என்று கெட்டியான பிளாஸ்டருக்குள் விரலை விடுவது விபரீதம். இங்கிலாந்தில் 2007இல் 16 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி அப்படி வாளிக்குள் கைகளை விட்டு, பெரும்பாலான விரல்களை இழந்தாள். பையன் ஆறு வயதுதானே, அவனைப் பக்கத்திலேயே உட்கார வைத்து உருட்டச் சொல்லுங்கள், வாளி, மாவுப் பை இரண்டும் அவனுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே வேறு குழந்தை இருந்தால் மணிகளைக் கீழே சிதற விடாதீர்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சுவர் முட்டைச் சுண்ணாம்பு (முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பு) பூசியது, தொட்டால் வழுவழுவென்று இருக்கும். அதே சுண்ணாம்பில் மணி செய்யக் கூடாதா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பிள்ளைகளிடம் சுண்ணாம்பு கொடுக்க வேண்டாம். அது காரம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பார்க்க இரண்டும் வெள்ளைதான், வேலை வேறு. பிளாஸ்டர் தண்ணீரோடு சேர்ந்து நிமிடங்களில் மறுபடி ஜிப்சமாகிறது; சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத்தான் இறுகும், அதனால்தான் நம் கொத்தனார்கள் அதைப் பல அடுக்காக, பொறுமையாகப் பூசித் தேய்த்தார்கள். அந்த வழுவழுப்பு வேண்டுமானால், காய்ந்த பிளாஸ்டர் மணியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள், முகமூடி போட்டுக்கொண்டு. ஆத்தங்குடிப் பூக்கல் (தரையில் பதிக்கும் பூ ஓடு) நிறங்களை, அந்தச் சிவப்பு, பச்சை, மஞ்சளை, அதன் மேல் அடித்துப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த சேர்க்கை அது.

கேள்வி: மீந்த பிளாஸ்டர் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: கூடவே கூடாது, குழாய்க்குள் போய்க் கல்லாகிவிடும், அப்புறம் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும். கையையும் கிண்ணத்தையும் பழைய வாளித் தண்ணீரில் அலசி, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். மேல் தண்ணீரை வெளியில் மண்ணில் ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். ஊரணியில் மட்டும் கொட்டாதீர்கள்.