குழுவில் ஒருவர் உழைக்க, மற்றவர் பெயர் போட

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 36 பேரை ஆறு குழுவாகப் பிரித்து, நீர் சுத்திகரிப்பு பற்றி சார்ட் செய்யச் சொன்னேன். எல்லாக் குழுவிலும் ஓரிருவர்தான் செய்கிறார்கள். மற்றவர்கள் பெயர் மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். திக்கிப் பேசும் ஒரு மாணவனுக்கு வண்ணம் தீட்டும் வேலையை மட்டும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் என்று பெற்றோர் சிலருக்குக் கோபம். இந்தச் சோம்பேறிகளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

ம.

அன்புள்ள ம.,

பிள்ளைகளைச் சந்தேகப்படுவதற்கு முன் நீங்கள் கொடுத்த வேலையைச் சந்தேகப்படுங்கள். நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை அந்த சார்ட்டை ஒரே இரவில் தனியாக முடித்துவிடும். அப்படிப்பட்ட வேலையை ஆறு பேரிடம் கொடுத்தால் ஐந்து பேர் சும்மா இருப்பதில் வியப்பில்லை.

ஆறு பேர் என்பதும் அதிகம். ரிங்கல்மேன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். 1913இல் வெளியான அவர் கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்குக் கிடைத்த பலம், தனியாக இழுத்ததில் ஏறக்குறையப் பாதிதான். குறைந்த பலத்தில் ஒரு பங்கு சோம்பலால், இன்னொரு பங்கு ஒரே நேரத்தில் இழுக்க வராததால். நான்கு நான்கு பேராக ஒன்பது குழு போடுங்கள். யார் எந்தக் குழு என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் யாரும் சேர்க்காத ஒருவன் வகுப்பறை நடுவே நிற்பான்.

இனி வேலை. ஒரே கலங்கல் நீர், ஆளுக்கு 250 மில்லி. அடியை வெட்டிக் கவிழ்த்த பாட்டிலில் ஒருவர் கூழாங்கல் மட்டும், ஒருவர் மணல் மட்டும், ஒருவர் கரி மட்டும், ஒருவர் பஞ்சு மட்டும் போட்டு வடிகட்டட்டும். எத்தனை நிமிடம் ஆனது, வடிந்த நீருக்கு அடியில் வைத்த அச்செழுத்து படிக்க வருகிறதா என்று குறிக்கட்டும். (கரியை முன்பே கழுவாவிட்டால் வடியும் நீர் கறுத்துத்தான் வரும். வடிந்ததைக் குடிக்கக் கூடாது, கிருமி போகாது.) பிறகு நான்கையும் அடுக்கிக் குழு ஒரு பொது வடிகட்டி செய்யட்டும். அதில் எந்த அடுக்கு மேலே, எது கீழே என்பதைக் குழு தீர்மானிக்க நான்கு முடிவும் வேண்டும். நுண்மணலை மேலே வைத்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பது மணல் போட்டவருக்குத்தான் தெரிந்திருக்கும். அவரைக் கேட்காமல் வேலை நகராது.

குழு கூடுமுன், ஒன்பது குழுவின் மணல்காரர்களும் ஓரிடத்தில் பத்து நிமிடம் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மற்ற மூன்றுக்கும் அப்படியே. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய ஜிக்சா முறையின் (ஆளுக்கொரு பகுதியைக் கற்றுவந்து குழுவுக்குச் சொல்லும் முறை) உயிர்நாடி இதுதான். நேரமில்லை என்று பலர் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெட்டினால், சரியாகச் செய்யாத பிள்ளை தவறான முடிவோடு குழுவுக்குப் போய் வசை வாங்கும்.

திக்கிப் பேசும் மாணவனுக்கு வண்ணப் பென்சில் கொடுத்தது கருணை போலத் தெரியும். உண்மையில் ஓரங்கட்டல்தான். அவனுக்கும் ஓர் அடுக்கு கொடுங்கள். எப்படிச் சொல்ல விரும்புகிறான் என்று தனியாகக் கேளுங்கள்: எழுதி வாசிப்பானா, செய்து காட்டுவானா, முன்பே பதிவுசெய்து கொண்டுவருவானா? "மெதுவாப் பேசு" என்று யாரும் சொல்ல வேண்டாம், அவன் சொல்லை இன்னொருவர் முடித்துவைக்கவும் வேண்டாம். கலந்துரையாடலுக்கு முன் எல்லாரும் இரண்டு நிமிடம் பேசாமல் எழுதட்டும். பிறகு வரிசையாக வாசிக்கட்டும், நால்வரும் முடிக்கும்வரை கருத்து கூடாது. வாயாடிகளுக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

மதிப்பெண்ணில் 40 குழுவுக்கு, 60 தனி ஆளுக்கு. அந்த 60இல் பாதி அவரவர் குறிப்பேட்டுக்கு, மீதி இன்னொருவரின் அடுக்கைப் பற்றிக் குலுக்கலில் வரும் கேள்விக்கு. இந்தப் பிரிப்பை முதல் நாளே பெற்றோருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். "நீ எத்தனை சதவீதம் செய்தாய்?" என்று பிள்ளைகளைக் கேட்காதீர்கள். ராஸ், சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் காட்டியதுபோல, கூட்டு வேலையில் தன் பங்கு எல்லாருக்குமே பெரிதாகத் தெரியும். கூட்டினால் நூறைத் தாண்டும். யார், எந்த நாள், என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், போதும்.

எல்லாவற்றையும் தானே செய்யும் பிள்ளைக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பிறர் எழுதியதை அழித்து எழுதக் கூடாது, ஓரத்தில் கேள்வி எழுதலாம். ஒருவர் வரவில்லை, அல்லது செய்யவே இல்லை என்றால், அந்த அடுக்கின் முடிவை நீங்கள் முன்பே செய்துவைத்த தாளிலிருந்து குழுவுக்குக் கொடுத்துவிடுங்கள். குழுவின் 40இல் கைவைக்காதீர்கள். விட்டவர் மறுவாரம் தனியாகச் செய்துகாட்டட்டும்.