பிள்ளை ஹெல்மெட் போட மாட்டேன் என்கிறான்: கேள்வி பதில்

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருவதும், அவர்கள் தலைக்கு ஹெல்மெட் பொருத்திக் கொடுப்பதும் என் வேலை. நான் மருத்துவன் இல்லை. அடிபட்ட பிறகு என்ன செய்வது என்ற கேள்விகளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி (இரண்டு பிள்ளைகளின் அம்மா): மகனுக்கு 14 வயது. சின்ன வயதில் சொன்னபடி போட்டுக்கொண்டான். இப்போது தெருமுனை திரும்பியதும் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிடுகிறான். கட்டாயப்படுத்தலாமா? ரொம்ப அழுத்தினால் சைக்கிளையே விட்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

கட்டாயப்படுத்துங்கள் அம்மா. ஆனால் தினமும் வாசலில் நின்று வாக்குவாதம் செய்வதற்குக் கட்டாயம் என்று பெயரில்லை. அது பேரம். பேரம் பேசினால் 14 வயதுப் பையன்தான் ஜெயிப்பான், அவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

சைக்கிள் வேண்டுமென்றால் ஹெல்மெட்டும் உண்டு. இதை ஒரே ஒரு தடவை, கோபமில்லாத நேரத்தில் சொல்லிவிடுங்கள். மீறினால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்: ஒரு வாரம் சைக்கிளுக்குப் பூட்டு, நடந்து போகலாம். பிறகு மீறும்போது கத்த வேண்டாம், பூட்டைப் போடுங்கள். அறிவுரையைவிட அதைச் செய்வதுதான் கடினம். மூன்றாம் நாளே பாவம் பார்த்துச் சாவியைக் கொடுத்துவிட்டால் அந்த விதி அன்றோடு செத்தது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. விதி உங்களுடையது, ஹெல்மெட் அவனுடையது. நிறம், வடிவம், எதுவானாலும் அவன் தேர்ந்தெடுக்கட்டும். தரச் சான்று இருக்கிறதா, தலைக்குப் பொருந்துகிறதா, இந்த இரண்டை மட்டும் நீங்கள் பாருங்கள். மாட்டேன் என்கிற பிள்ளைகளின் ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்தால் பாதிக்குமேல் அளவு தப்பாக இருக்கிறது. நெற்றியை அழுத்துகிறது, இல்லையென்றால் தொளதொளவென்று ஆடிக் கண்ணை மறைக்கிறது. அதைப் போடாதவனைப் பிடிவாதக்காரன் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் ஒன்று. நீங்களோ அவன் அப்பாவோ சைக்கிள் ஓட்டுபவர்கள் என்றால், உங்கள் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா?

கேள்வி: எப்படிப் பொருந்த வேண்டும்? கடையில் தலையில் வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம்தான் இடைவெளி இருக்கலாம். பின்னந்தலைக்குச் சரிந்து நெற்றி முழுக்கத் தெரிந்தால், முகம் குப்புற விழும்போது அது இருந்தும் பயனில்லை. பக்கவாட்டுப் பட்டைகள் இரண்டும் காதுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். தாடைப் பட்டைக்கு உள்ளே ஒன்றிரண்டு விரல்தான் நுழைய வேண்டும். பக்கிளைப் போட்டுவிட்டு வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லுங்கள், ஹெல்மெட் தலைமேல் லேசாக இழுபடும். அப்போது சரி.

பக்கிள் போடாத ஹெல்மெட் தொப்பிதான். விழும்போது தலைக்கு முன்னால் அது பறந்துவிடும். இதை இன்னும் பல தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையில் எடுத்தால் தெர்மாகோல் மாதிரி இருக்கிறது. இது எப்படித் தலையைக் காப்பாற்றும்?

மாதிரி என்ன, அதேதான். உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை நுரை, கொஞ்சம் அடர்த்தி அதிகம். அது நசுங்குவதற்கென்றே வைத்தது. வெறும் தலை தரையில் மோதினால் கண நேரத்தில் நின்றுவிடுகிறது, அந்த வேகம் முழுவதும் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் போகிறது. நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நுரை நசுங்கினால், தலை நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் தூரமும் நேரமும் கிடைக்கிறது. வேலை அவ்வளவுதான், ஆனால் அந்தச் சில மில்லி விநாடியில் எல்லாமே மாறிவிடுகிறது.

ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078 சோதனையில், ஹெல்மெட் மாட்டிய உலோகத் தலையைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழ வைக்கிறார்கள். மோதும் வேகம் மணிக்கு 19.5 கிலோமீட்டர். உள்ளே பதிவாகும் அதிர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்கத் தரத்தில் உயரம் 2 மீட்டர், வரம்பு 300 மடங்கு. ஒன்றரை மீட்டர் என்பது சைக்கிளில் உட்கார்ந்திருப்பவர் தலை ஏறக்குறைய இருக்கும் உயரம். தானாகச் சறுக்கி விழுவதற்கு இந்தச் சோதனை நன்றாகவே பொருந்துகிறது. வேகமாக வரும் கார் நேராக மோதினால் என்ன ஆகும் என்பதை இது சோதிப்பதில்லை. ஹெல்மெட் போட்டதால் எதுவும் ஆகாது என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஒருமுறை விழுந்தாள். வெளியே சின்னக் கீறல்தான். தொடர்ந்து போடலாமா?

தலை தரையில் பட்டதென்றால் மாற்றுங்கள். நுரை ஒருமுறை நசுங்கினால் திரும்பி வராது, மேலே உள்ள ஓடு அதை மறைத்துவிடும்.

கேள்வி (தினசரி சைக்கிள்காரர்): நெதர்லாந்தில் உலகத்திலேயே அதிகமாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள், ஹெல்மெட் போடுபவர் மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவில் சட்டம் போட்டதும் சைக்கிள் ஓட்டுவதே குறைந்தது. ஹெல்மெட் போட்டவரைக் கார்கள் நெருக்கமாகக் கடக்கின்றன என்று ஆய்வும் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்தும் பெற்றோரைக் கட்டாயப்படுத்தச் சொல்கிறீர்களே?

வருவீர்கள் என்று தெரியும். நீங்கள் சொன்ன மூன்றிலும் உண்மை இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெதர்லாந்து பாதுகாப்பாகவே பிறக்கவில்லை. 1971-ல் அங்கே சாலை விபத்துகளில் 3,000 பேருக்குமேல் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். பிறகு பல பத்தாண்டுகளாகத் தனிப் பாதை போட்டார்கள், குடியிருப்புத் தெருக்களில் வேகத்தை 30 கிலோமீட்டருக்கு இறக்கினார்கள். அந்தப் பாதை உங்கள் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வரை இருந்தால் நானும் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவேன். இல்லாத இடத்தில் நெதர்லாந்தின் சாலையை விட்டுவிட்டு அங்கத்து வெறும் தலையை மட்டும் கொண்டுவருவதில் என்ன பயன்?

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் உலகிலேயே முதலாவதாகச் சைக்கிள் ஹெல்மெட்டைச் சட்டமாக்கியது. அதன்பிறகு எடுத்த கணக்குகளில் பதின்ம வயதினர் ஓட்டுவதுதான் பெரிதாகக் குறைந்திருந்தது. இது கவலைப்பட வேண்டிய விஷயம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் அது போலீஸ் அபராதம் போடும் சட்டம். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டி 2022-ல் தன் ஹெல்மெட் சட்டத்தை நீக்கியபோது, அது வீடற்றவர்கள் மீதும் கருப்பின மக்கள் மீதுமே அதிகம் பாய்ந்தது என்று காரணம் சொன்னார்கள். சரியான காரணம். வீட்டில் அம்மா போடும் விதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கார் ஆய்வு இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் இயன் வாக்கர் செய்தது. கடக்கும் வண்டி எவ்வளவு தள்ளிப் போகிறது என்று அளக்கும் கருவியைச் சைக்கிளில் பொருத்திக்கொண்டு அவரே ஓட்டினார். ஹெல்மெட் போட்டபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருக்கமாகக் கடந்தன என்றார். சில நாள் நீள முடி விக் வைத்துக்கொண்டு ஓட்டினார், அப்போது அதிக இடம் விட்டார்களாம். விக் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்வதில்லை!

கேள்வி (புள்ளியியல் வாத்தியார்): வாக்கரின் தரவையே எடுத்து 2013-ல் மறுஆய்வு செய்தார்கள். ஒரு மீட்டருக்குள் வரும் ஆபத்தான நெருக்கத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பில்லை என்று வந்தது. அதைச் சொல்லாமல் விட்டீர்களே.

சொல்ல வந்தேன், முந்திக்கொண்டீர்கள். வாக்கர் தரப்பு அதற்கும் பதில் எழுதியிருக்கிறது, சண்டை நீளமானது. ஒன்றேகால் மீட்டர் தள்ளிப் போகும் வண்டி 8 சென்டிமீட்டர் அருகே வந்தால் ஆபத்து எவ்வளவு கூடும் என்பதுதான் அதன் மையம்.

தினசரி சைக்கிள்காரர்: நடப்பவர்களுக்கும் தலையில் அடிபடுகிறது, காரில் போகிறவர்களுக்கும் அடிபடுகிறது. அவர்களுக்கு ஏன் ஹெல்மெட் இல்லை? சைக்கிளை மட்டும் ஆபத்தான பொருளாக்கிவிட்டீர்கள். தவறு செய்வது கார், விதி பிள்ளைக்கு.

கடைசி வாக்கியத்தில் நூறு சதவீதம் உங்களோடு நிற்கிறேன். தலைக்கு ஹெல்மெட் கொடுத்துவிட்டோம், சாலைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நினைக்கும் அதிகாரிகளை எனக்கும் பிடிக்காது. ஆனால் கேட்ட அம்மாவின் மகன் நாளைக் காலையில் பள்ளிக்குப் போக வேண்டும். சாலை சரியாகும்வரை அவனைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

எண் வேண்டுமென்றால் ஒன்று தருகிறேன். 40 ஆய்வுகளை, 64,000-க்கும் மேற்பட்ட காயமடைந்த சைக்கிள்காரர்களின் தரவைச் சேர்த்து ஒலிவியர், க்ரைட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2016-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காயத்தின் வாய்ப்பு 51 சதவீதமும், கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பு 69 சதவீதமும் குறைவாக இருந்தது. கழுத்துக் காயம் கூடும் என்று சொல்வார்களே, அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இவை காயமடைந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள், அதனால் எண்ணில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்று வாத்தியார் சொல்வார். சொல்லட்டும். பாதியாக்கிக்கொண்டாலும் என் பதில் மாறாது.

புள்ளியியல் வாத்தியார்: அதைத்தான் சொல்ல வந்தேன்.

தெரியும்.

கேள்வி (பத்தாவது படிப்பவன்): நீங்கள் எல்லோரும் எங்களைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்களை யாரும் கேட்கவில்லை. என் நண்பர்கள் யாருமே போடுவதில்லை. நான் மட்டும் போட்டால் கிண்டல். முடி கலைகிறது, வியர்க்கிறது. ரிஸ்க் என்னுடையது, தலையும் என்னுடையது.

வா தம்பி. இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

கிண்டல் பொய் என்று சொல்ல மாட்டேன். வெட்கம் உன் வயதில் மட்டும் வருவதும் இல்லை. 1991-ல் பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்–நீஸ் சைக்கிள் பந்தயத்தில் ஹெல்மெட் விதி வந்தபோது, உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் போட மாட்டோம் என்று போராட்டமே நடத்தினார்கள். வெயில், பழக்கமில்லை, எங்கள் தலை எங்கள் விருப்பம் என்று நீ சொல்வதைத்தான் சொன்னார்கள். விதி பின்வாங்கியது. 2003-ல் அதே பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரேய் கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தலைக்காயத்தில் இறந்தார். அந்த ஆண்டே கட்டாயமாக்கினார்கள். இன்று எந்தப் பந்தய வீரனையும் ஹெல்மெட்டுக்காக யாரும் கிண்டல் செய்வதில்லை, ஏனென்றால் அது அவன் எடுத்த முடிவே இல்லை.

உனக்கும் அந்த வசதி இருக்கிறது. 'வீட்டில் விடமாட்டார்கள், சைக்கிளைப் பிடுங்கிவிடுவார்கள்' என்று அப்பா அம்மா மேல் பழியைப் போட்டுவிடு. நண்பர்கள் உன்னைப் பார்த்து ஐயோ பாவம் என்பார்கள், அத்தோடு முடிந்தது. கண்டிப்பான பெற்றோர் இந்த விஷயத்தில் பிள்ளைக்குக் கிடைத்த நல்ல சாக்கு.

ரிஸ்க் உன்னுடையதா? மூளையில் அடிபட்டவனை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்வது யார் என்று யோசி. 18 வயதில் நீயே முடிவெடு, அப்போது நான் குறுக்கே வரமாட்டேன்.

முடி கலையும். உண்மைதான். அதற்கு என்னிடம் மருந்தில்லை. வியர்வைக்குக் காற்றுத் துளைகள் அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்கு. பக்கிள் போடு.

கேள்வி: மிப்ஸ் உள்ள ஹெல்மெட்தான் வாங்க வேண்டுமா?

விழும்போது தலை பெரும்பாலும் சாய்வாக மோதும், அதனால் மூளை சுழலும். ஹெல்மெட் தலைமேல் சிறிது வழுக்கி அந்தச் சுழற்சியைக் குறைக்க வைத்த உள்அடுக்குதான் மிப்ஸ், சுவீடனில் உருவானது. பணம் இருந்தால் நல்லது. பொருந்தாத மிப்ஸைவிடப் பொருந்துகிற சாதாரண ஹெல்மெட் மேல்.

கேள்வி: மகன் கேட்பதே இல்லை. கட்டாயப்படுத்தலாமா?

முதல் பதில்.

கேள்வி: வீட்டில் கிரிக்கெட் ஹெல்மெட் இருக்கிறது. அதையே போடலாமா?

கூடாது. பந்துக்குச் செய்தது பந்துக்கு.

கேள்வி: பக்கத்துத் தெருவுக்குத்தானே போகிறாள், அதற்கும் ஹெல்மெட்டா?

தரைக்கு அது பக்கத்துத் தெரு என்று தெரியாது. தூரத்தைப் பார்த்து விதியை மாற்றினால், 'இது பக்கம்தான்' என்பதைத் தினமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டே போவாள்.

கேள்வி: அண்ணன் போட்ட பழைய ஹெல்மெட் தம்பிக்கு ஆகுமா?

அண்ணன் விழுந்ததில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால், வாங்கிப் பத்து வருடம் ஆகாமல் இருந்தால், தம்பி தலைக்குப் பொருந்தினால், ஆகும். முன்பின் தெரியாதவரிடம் பழையது வாங்காதீர்கள்.

கேள்வி: 15 வயதுப் பெண். போடு என்றால் அழுகிறாள். கட்டாயப்படுத்தத்தான் வேண்டுமா?

மகனுக்குச் சொன்னதே மகளுக்கும். மேலே படியுங்கள். தயவுசெய்து.

கேள்வி: சின்னவன் ஹெல்மெட்டோடு விளையாட்டுத் திடலில் ஏறி இறங்குகிறான். பாதுகாப்புதானே என்று விட்டுவிட்டேன்.

உடனே கழற்றச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு நடுவே ஹெல்மெட் சிக்கி, தாடைப் பட்டையில் தொங்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பக்கிள் போடு, போடு என்று கத்திக்கொண்டிருக்கும் நானே சொல்கிறேன்: சைக்கிளிலிருந்து இறங்கினால் ஹெல்மெட்டும் இறங்க வேண்டும்.

தினசரி சைக்கிள்காரர்: நெதர்லாந்து விஷயத்தில் நீங்கள் பதில் சொல்லவே இல்லை.

சொல்லியாகிவிட்டது. மிச்ச விவாதத்தை வாத்தியாரோடு தனியாக நடத்துங்கள்.

கேள்வி: மகள் ஹெல்மெட் ஒழுங்காகப் போடுகிறாள். மாலை வகுப்பு முடிந்து இருட்டில் திரும்புகிறாள். வேறென்ன பார்க்க வேண்டும்?

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டும் எரிய வேண்டும். பிரேக் கட்டையைக் கையால் தொட்டுப் பாருங்கள், பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் மாற்றுங்கள். இரண்டு பிரேக்கும் தனித்தனியாகப் பிடிக்கிறதா என்று சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறாளா என்றும் விசாரியுங்கள். இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும், கடைசியில் நீங்கள் ஒருவர் கேட்டீர்கள்.