செவ்வாய்க் கோள் சில மாதங்கள் ஏன் பின்னோக்கி நகர்வதுபோல் தெரிகிறது?

விண்மீன்களின் பின்னணியில் நாள்தோறும் மேற்கிலிருந்து கிழக்காக நகரும் ஒரு கோள், சில காலம் திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்காக நகர்வதுபோல் தோன்றுவதையே பஞ்சாங்கங்கள் வக்கிரம் என்கின்றன.

பூமி ஏறத்தாழ 365 நாட்களிலும், வெளிப்பாதையில் மெதுவாகச் செல்லும் செவ்வாய் சுமார் 687 நாட்களிலும் சூரியனைச் சுற்றி வருவதால், ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமி அதை முந்திச் செல்கிறது. விரைந்து செல்லும் பேருந்தின் ஜன்னலோரம் அமர்ந்து, பக்கத்தில் மெதுவாகப் போகும் லாரியை முந்தும்போது, தொலைவிலுள்ள மலையின் பின்னணியில் அந்த லாரி பின்வாங்குவதுபோல் தெரிவதும் இதே காரணத்தால்தான். 2024 டிசம்பரில் கடக விண்மீன் குழுவில் இருந்த செவ்வாய், இவ்வாறு பின்னோக்கி வந்து 2025 ஜனவரியில் மிதுனத்துக்குள் நுழைந்தது. வாரம் ஒருமுறை அருகிலுள்ள விண்மீன்களோடு சேர்த்து அதன் இடத்தைத் தாளில் குறித்து வந்தால், தொலைநோக்கி இல்லாமலேயே இந்த வளைவை எவரும் கண்டறியலாம். தொடக்கநிலை வான் நோக்கருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

வக்கிர காலத்தில் செவ்வாய் மேற்கில் உதிக்கும் என்று சிலர் எண்ணுவது தவறு. அப்போதும் அது கிழக்கில் உதித்து மேற்கிலேயே மறைகிறது.