கேள்வி – பதில்: கல்லாப் பெட்டியும் இருதயக் காவலும்

கேள்வி: ஒரு மொத்த வியாபாரக் கடையில் 11 ஆண்டுகளாகக் காசாளராக இருக்கிறேன். இரவு கடை சாத்தியபின் கல்லாவை எண்ணிக் கட்டுப்போடுவது என் பொறுப்பு. அந்நேரத்தில் உடன் யாரும் இருப்பதில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தெரியாத இந்த இரண்டு மாதங்களாக, நோட்டுக்கட்டில் ரப்பர் வளையத்தை மாட்டும்போதெல்லாம், 'ஒரு கட்டை எடுத்துக்கொண்டு, சம்பளம் வந்ததும் திரும்ப வைத்துவிடலாமே' என்ற நினைவு வருகிறது. இதுவரை ஒரு ரூபாயும் எடுத்ததில்லை. ஜெபித்தும் நினைவு போகவில்லை. நினைவு வருவதே பாவமா? ஆலயத்தில் திருவிருந்தின் அப்பத்திலும் பாத்திரத்திலும் பங்கெடுக்கவும் தயக்கமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நினைவு வருவது பாவமல்ல. நம் ஆண்டவரே "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" பிரதான ஆசாரியர் என்று எபிரெயர் 4:15 சொல்லுகிறது. சோதிக்கப்படுவதே பாவமென்றால் அந்த வசனத்துக்குப் பொருளே இராது. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு நினைவுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டீர்கள். 'ஒரு கட்டை எடுக்கலாம்' என்பது தானாக வந்தது. 'சம்பளம் வந்ததும் திரும்ப வைத்துவிடலாம்' என்பதோ நீங்கள் அதற்கு எடுத்துக் கொடுத்த நியாயம். உங்கள் காவல் தளர்ந்திருப்பது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

யாரும் தொடக்கூடாதென்று விலக்கப்பட்டிருந்த எரிகோவின் கொள்ளையிலிருந்து ஒரு பாபிலோனிய சால்வையையும், 200 வெள்ளிச்சேக்கலையும், 50 சேக்கல் நிறையான பொன்பாளத்தையும் எடுத்துக் கூடாரத்துக்குள் புதைத்த இஸ்ரவேலனாகிய ஆகான், பிடிபட்டபோது தன் செயலை வரிசை பிசகாமல் சொன்னான்: "நான் கண்டு, அவைகளை இச்சித்து எடுத்துக்கொண்டேன்" (யோசுவா 7:21). கண்டது குற்றமல்ல, காசாளர் காசைக் காணாமல் இருக்கவும் முடியாது. காண்பதற்கும் எடுப்பதற்கும் நடுவே, மனம் உட்கார்ந்து கணக்குப் போடுகிற அந்தச் சிறிய நேரத்துக்குத்தான் காவல் வேண்டும்.

"எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள்" என்னும் நீதிமொழிகள் 4:23ஐ நாம் மனப்பாடமாகச் சொல்லுவோம். அங்கே காவல் என்பதற்குள்ள எபிரெயச் சொல், எகிப்தின் ராஜாவாகிய பார்வோனின் பானபாத்திரக்காரனும் சுயம்பாகியும் (சமையற்காரனும்) அடைபட்டிருந்த சிறைக்காவலுக்கு ஆதியாகமம் 40ல் வருகிற அதே சொல். அதைத் தொடரும் நான்கு வசனங்களும் வாயையும், கண்களையும், கால்களையும் பற்றியவை. இருதயத்தைக் காக்கச் சொன்னவர் உடனே உடம்பின் நடமாட்டத்துக்கு வந்துவிடுகிறார் என்பதைப் பிரசங்கிகளாகிய நாங்கள் அநேகமாய்த் தாண்டிப் போய்விடுகிறோம். 'இன்னும் ஊக்கமாய் ஜெபியுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

பவுல் எருசலேமின் ஏழைகளுக்கென்று சேர்ந்த தர்மப்பண விஷயத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். தன் உடன் ஊழியனான தீத்துவை நம்பியும், அவனைத் தனியே விடாமல், கூட வேறு இரண்டு சகோதரரை அனுப்பினார். "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்பது அவர் சொன்ன காரணம் (2 கொரிந்தியர் 8:21). ஆகையால், கல்லாவை எண்ணும்போது உடன் ஒருவர் இருந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நாளைக்கே முதலாளியிடம் கேளுங்கள். கணக்குக்கு அதுதான் முறை என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கும்: கட்டணத்துக்கு முன்பணம். சோதனையோடுகூட "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்" தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 சொல்லும்போது, வானத்திலிருந்து ஏதோ இறங்கிவரும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல வேளைகளில் அந்தப் போக்கு, தலை குனிந்து ஒருவரிடம் போய் நம் இல்லாமையைச் சொல்லுவதாகவே இருக்கிறது. 11 ஆண்டு நாணயமாக இருந்தவருக்குக் கை நீட்டிக் கேட்பது எடுப்பதைக் காட்டிலும் கூச்சமாக இருக்கும். உங்களை இரண்டு மாதமாக அலைக்கழிப்பதில் பாதி அந்தக் கூச்சம் என்றே நினைக்கிறேன். முதலாளி மறுத்தால் உங்கள் ஆயரிடம் சொல்லுங்கள். உங்கள் மனைவிக்கு இது தெரியுமா என்று கடிதத்தில் இல்லை. தெரியாவிட்டால் முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

திருவிருந்தைத் தவிர்க்க வேண்டாம். 1 கொரிந்தியர் 11:28, தன்னைத்தானே சோதித்தறிந்து "இந்த அப்பத்தில் புசித்து" பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன் என்றுதான் சொல்லுகிறது. சோதித்தறிந்து விலகி நிற்கச் சொல்லவில்லை.

கேள்வி: தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்று ஆதியாகமம் 22:1ல் இருக்கிறது. அவர் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்று யாக்கோபு 1:13 சொல்லுகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. பொன்னை உரைத்துப் பார்ப்பதற்கும் தூண்டில் போடுவதற்கும் தமிழ் வேதாகமத்தில் 'சோதனை' என்ற ஒரே சொல்தான் வருகிறது. கிரேக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. ஆபிரகாமுக்கு நடந்தது முந்தையது. யாக்கோபு மறுப்பது பிந்தையது. அடுத்த வசனத்தில் "சிக்குண்டு" என்பதற்கு அவர் எழுதிய சொல்லே இரை வைத்துப் பிடிப்பதைக் குறிப்பது. அந்த இரை அவனவனுடைய சுய இச்சை என்கிறார்.