ரிச்மண்ட் சாலையில் ஒரு புல்வெளி

அன்புள்ள அக்கா,

சிட்னி மார்ஸ்டன் பார்க்கில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. தெருவில் பஞ்சாபி, நேபாளி, பிலிப்பினோ குடும்பங்கள். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் ஏழு வயது மகன் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். வீட்டை விற்றுவிட்டு, நம் ஆட்கள் இருக்கும் வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் போய்விடலாமா? ரிச்மண்ட் சாலை நெரிசலில் நிற்கும்போதெல்லாம் இதே யோசனைதான். நான் வீடு சேர்வதற்குள் அவன் தூங்கிவிடுகிறான்.

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வீட்டு விலை, வங்கிக் கடன் எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். பெண்டில் ஹில்லில் தோசை மாவு கிடைக்கும். அங்கேயும் பிள்ளைகள் இங்கிலீஷில்தான் சண்டை போடுகிறார்கள்.

நீங்கள் ரிச்மண்ட் சாலை என்று எழுதியதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. ரூட்டி ஹில் சாலை வந்து சேரும் முனையில் ஒரு வெறும் புல்வெளி இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று அப்போதைய பிரிட்டிஷ் கவர்னர் மக்குவாரி 1814இல் பரமட்டாவில் ஒரு பள்ளி தொடங்கினார். 1823இல் அதை இந்த இடத்துக்கு மாற்றினார்கள். தாய் தகப்பனிடமிருந்து பிரித்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் பைபிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் அந்தப் பக்கத்துக்கே 'பிளாக் டவுன்' என்று பெயர் வந்தது. உங்களுக்கு வரி நோட்டீஸ் அனுப்பும் கவுன்சிலின் பெயரும் அதுதான். நிலம் 2018இல் அந்த மண்ணின் பழங்குடிகளான தருக் மக்களிடம் திரும்பி வந்தது. மொழி அப்படி வருமா? 1790களில் ஒரு வெள்ளை அதிகாரி நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்த சொற்களையெல்லாம் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

அவர்களிடமிருந்து பிடுங்கினார்கள். உங்களிடம் யார் பிடுங்கினார்கள், தம்பி? பஞ்சாபிக்காரரா? நீங்கள் வரும்போது பிள்ளை தூங்கிவிடுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் அவன் யாரிடம் தமிழ் பேசுவான், சுவரிடமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். திட்டுவது என்னையும் சேர்த்துத்தான். என் மகள் சின்னவளாக இருந்தபோது எனக்கு மாலை ஷிஃப்ட். அடுத்த வீட்டு லெபனான் பாட்டிதான் அவளைப் பார்த்துக்கொண்டாள். பிஞ்சுச் சுரைக்காய் போல ஒரு காய், அதை நீளக் கத்தியால் குடைந்து அரிசி அடைத்துக்கொண்டே பேசுவாள், பேசுவாள், பேசிக்கொண்டே இருப்பாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, குடைந்தெடுத்த சதையைக் கிண்ணத்தில் சேர்ப்பாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து என்னிடம் 'மய்' என்றாள். எனக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குழாயைக் காட்டினாள். தண்ணீராம். பொறாமையில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வென்ட்வர்த்வில்லில்தான் இருந்தோம், நம் ஆட்களுக்கு நடுவில்.

பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. என்னோடு தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுகிறாள். காய்ச்சல் வந்து படுத்தால் மட்டும், கண்ணைத் திறக்காமல், 'மய்' என்கிறாள்.