திருமணம் செய்ய வழியில்லாமல் சேர்ந்து வாழும் தன்பாலின இணையருக்கு இந்தியாவில் என்ன உரிமை இருக்கிறது? அன்றாடம் என்ன சிக்கல் வரும்?

நானும் என் இணையும் ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் வாழும் இரண்டு பெண்கள். சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 செப்டம்பர் 6 தீர்ப்போடு அந்தப் பயம் போயிற்று. ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் அடிப்படை உரிமை அல்ல, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சட்டத்தின் கண்ணுக்கு நாங்கள் ஒரே முகவரியில் இருக்கும் இரண்டு தனி ஆட்கள்.

இது எனக்கு உறைத்தது ஓர் இரவில். அவளுக்கு அப்பெண்டிக்ஸ் வெடித்து அவசர ஆபரேஷன். சம்மதப் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்றொரு கட்டம். என் பேனா அங்கேயே நின்றுவிட்டது. 'தோழி' என்று எழுதினேன். "வீட்டு ஆளுங்க யாரையாவது வரச் சொல்லுங்கம்மா" என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்கள். ஆறு வருடமாக அவளோடு பேசாத அண்ணனை நான்தான் கூப்பிட்டேன். அவர் வந்து கையெழுத்துப் போட்டார்.

வாடகை வீடு தேடும்போது "அக்கா தங்கச்சியா?" என்பார்கள்; அது பழகிவிடும். பணத்தில்தான் கவனம் வேண்டும். கூட்டுக் கணக்கு தொடங்கவும் இணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. உடனே செய்யுங்கள். ஆனால் அதோடு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அது அவருக்கே சொந்தமாகிவிடாது. வாரிசுகள் உரிமை கோரி வழக்குப் போட முடியும். ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று 2015 திருத்தம் சொல்கிறது. அந்த வரிசையில் நமக்கு இடமில்லை.

அதனால்தான் உயிலை வற்புறுத்துகிறேன். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் வீட்டார் எதிர்ப்பார்கள் என்று தெரிந்தால் பதிவு செய்துவிடுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும்; இணையையே சாட்சியாகப் போடாதீர்கள். முஸ்லிம்களுக்கு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும்.

நமக்காக இணை செயல்படும்படி பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக்கொடுத்தால் போதும் என்பார்கள். எழுதிக்கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தாலோ இறந்தாலோ அது செல்லாது, அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில். மீள முடியாத நோயில் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா என்ற முடிவுக்கு, முன்கூட்டியே மருத்துவ அறிவுறுத்தல் எழுதி இணையின் பெயரைக் குறிக்கலாம். 2023இல் அந்த நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து.

வீட்டார் இணையைப் பிடித்து அடைத்து வைத்தால் அவரை நீதிமன்றத்தில் நேரில் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போடலாம். 2025 மே மாதம் அப்படியொரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணை அவள் விருப்பப்படி போகவிட்டது. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றும் எழுதியது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

அவளுக்குத் தையல் பிரித்த வாரமே நாங்கள் இரண்டு உயில்களையும் எழுதினோம். எல்லாம் ஒரே ஃபைலில், நகல் இருவர் போனிலும் இருக்கிறது. அண்ணனுக்கும் ஒரு நகல் அவளே அனுப்பினாள்.